கத்திரி பிடித்த கைகள்: யார்க்ஷயர் கிராப்பர்களின் வழக்கு, 1802–1817

1817இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் கம்பளித் தொழில் பற்றி ஒரு கணக்கு சொல்லப்பட்டது. 1806இல் அங்கே துணியின் மயிரை வாரி எழுப்பும் கிக் மில் என்ற எந்திரங்கள் 5 இருந்தன; இப்போது 72. அந்த மயிரை வெட்ட எந்திர விசையில் ஓடும் கத்திரிகள் 100 இருந்தன, இப்போது 1,462. அதே வேலையைக் கையால் செய்துவந்தவர்கள் 3,378 பேர். அவர்களில் 1,170 பேருக்கு வேலையே இல்லை, 1,445 பேருக்கு அரைகுறை வேலை. கழித்துப் பார்த்தால், முழு வேலை இருந்தவர்கள் 763 பேர்தான்.

இவர்களுக்குக் கிராப்பர்கள் என்று பெயர். 1812இல் சம்மட்டியோடு ஆலைகளுக்குள் புகுந்து எந்திரங்களை நொறுக்கிய லுடைட்டுகளில் யார்க்ஷயர்ப் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் இவர்கள்தான். லுடைட் என்றாலே முன்னேற்றம் புரியாத முரடர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. சம்மட்டியைத் தூக்குவதற்கு முன்னால் பத்து வருஷக் கதை இருக்கிறது. மனு, வக்கீல், நாடாளுமன்றக் குழு, கூலியிலிருந்து பிரித்த சந்தா எல்லாம் அதில் உண்டு. அந்தப் பத்து வருஷத்தை விட்டுவிட்டு 1812ஐ மட்டும் பார்த்தால், அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதே தெரியாமல் போகிறது.

வேலை எப்படிப்பட்டது

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி அப்படியே சட்டை தைக்க ஆகாது. முதலில் அதை நீரில் நனைத்து, அடித்து, இழைகள் ஒன்றோடொன்று பிணையும்படி இறுக்குவார்கள். அதற்குப் பிறகு கிராப்பரின் கைக்கு வரும். முட்செடி ஒன்றின் காய்ந்த பூத்தலைகளை ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகப் பதித்து, அதனால் துணியை வாரி, மேலே மென்மயிர் எழும்பச் செய்வார். எழும்பிய மயிரைக் கத்திரியால் ஒரே மட்டமாக வெட்டுவார். மறுபடி வாருவார், மறுபடி வெட்டுவார். நல்ல ரகம் என்றால் இது பல சுற்று நடக்கும். நம் பக்கத்தில் பனாத்து என்று சொன்னார்களே, அந்தத் துணிக்கு வழவழப்பு வந்ததெல்லாம் இந்தக் கட்டத்தில்தான்.

அந்தக் கத்திரியைச் சாதாரணக் கத்திரியாக நினைத்துக்கொள்ளக் கூடாது. நீளம் சுமார் 4 அடி. எடை சுமார் 40 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 18 கிலோ. மெத்தை வைத்த பலகைமேல் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். கீழ் அலகு துணிமேல் படிந்து கிடக்கும். மேல் அலகை மணிக்கட்டின் விசையால் மூடித் திறந்தபடி, துணியின் குறுக்கே விரல் விரலாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் ஆழமாக இறங்கினால் இழை அறுந்துபோகும், மேலோட்டமாகப் போனால் துணி சொரசொரப்பாக நிற்கும். வருஷக்கணக்கில் இதைச் செய்தவரின் வலது மணிக்கட்டில் குளம்பு போலக் கெட்டியாகக் காய்ப்பு ஏறிவிடும். முன்பின் தெரியாதவர்கூட கையைப் பார்த்தே இவர் கிராப்பர் என்று சொல்லிவிடலாம்.

கற்றுக்கொள்ள ஏழு வருஷம் ஆகும். கிராப்பர் மனசு வைத்தால் ஒரு துணியின் மதிப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்டலாம், குறைக்கலாம் என்று அந்தக் காலத்து ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். அதனால் நெசவாளரைவிட இவர்களுக்கு நல்ல கூலி. வியாபாரி வைத்ததுதான் சட்டம் என்ற நிலை அங்கே இல்லை. துணியை முடித்துத் தரும் கடைசிக் கை இவர்களுடையது என்பதால், இவர்கள் வேலையை நிறுத்தினால் சந்தைக்குப் போக வேண்டிய சரக்கு கிடங்கிலேயே கிடக்கும்.

தொழிற்சங்கம் வைப்பதே குற்றம் என்று 1799லும் 1800லும் சட்டம் வந்த பிறகும் இந்தப் பலம் குறையவில்லை. 1802இல் லீட்ஸ் நகரின் மிகப் பெரிய கம்பளி ஆலை முதலாளியான பெஞ்சமின் காட், வழக்கமான வயதைத் தாண்டிய இரண்டு பையன்களைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். கிராப்பர்கள் வேலையை நிறுத்தினார்கள், கடைசியில் அவர்தான் இறங்கிவந்தார். இரண்டு பையன்களுக்கு இவ்வளவு பெரிய தகராறா என்று இன்றைக்குத் தோன்றலாம். ஏழு வருஷப் பயிற்சி என்ற வாசலைக் காத்தால்தான் தொழிலின் கூலியைக் காக்க முடியும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எந்திரம் ஒன்றும் புதிதல்ல

இந்த வழக்கில் பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இது. மயிரை வாரி எழுப்பும் கிக் மில் 1800இல் கண்டுபிடித்தது அல்ல. முள்பூக்களைப் பதித்த ஓர் உருளை சுழலும், துணி அதன்மேல் உரசிக்கொண்டு ஓடும். அவ்வளவுதான் அதன் அமைப்பு. ஆறாம் எட்வர்டு காலத்திலேயே, 1552 வாக்கில், இதைத் தடைசெய்து சட்டம் போட்டிருந்தார்கள். சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி இந்தியாவில் 1985இல் ஒரு சட்டம் வந்தது; ஏறத்தாழ அந்த மாதிரி ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டரை நூற்றாண்டு அந்தத் தடை ஏட்டில் இருந்தது.

வெட்டும் எந்திரம்தான் பிந்தியது. 1787இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜான் ஹார்மர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதிலும் பெரிய அதிசயம் எதுவும் இல்லை. கையால் பிடித்த அதே பெரிய கத்திரிகளை ஒரு சட்டகத்தில் பொருத்தி, நீர்ச்சக்கரத்தின் விசையால் மூடித் திறக்க வைத்தார்கள். துணி முன்னைவிட அழகாக வந்தது என்று சொல்ல முடியாது. ஒருவரே பல கத்திரிகளைப் பார்த்துக்கொள்ளலாம், அவருக்கு ஏழு வருஷப் பயிற்சியும் தேவையில்லை. லாபம் இருந்தது அங்கேதான்.

எது எந்திரமாகும், எது ஆகாது என்பதை வேலையின் கடினம் தீர்மானிக்கவில்லை என்பதையும் இங்கே பார்க்கலாம். நூற்பு முதலில் எந்திரமானது. ஜென்னி 1760களில் வந்தது, ஆர்க்ரைட்டின் நீர்விசைச் சட்டகம் 1769இல், கிராம்ப்டனின் மியூல் 1779இல். நூல் பெருகியதால் கைத்தறி நெசவாளருக்கு வேலை கூடத்தான் செய்தது. கம்பளியில் விசைத்தறி பரவலாக வர 1830களும் அதற்கு மேலும் ஆகிவிட்டன. நெசவாளர் இன்னும் கையால் நெய்துகொண்டிருந்த காலத்தில், அவரைவிட அதிகம் கற்ற, அதிகம் சம்பாதித்த கிராப்பருக்கு முதலில் வேலை போயிற்று. அவருடைய கூலி அதிகம் என்பதே அவரை நீக்குவதற்குக் காரணமாயிற்று.

நீதிமன்ற வாசலில் பத்து வருஷம்

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று கிராப்பர்கள் நம்பினார்கள். அது வெறும் ஆசை இல்லை. கிக் மில்லுக்குத் தடை இருந்தது, ஏழு வருஷப் பயிற்சி கட்டாயம் என்று முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம் சொன்னது. பழைய சட்டம் சொல்லும் கிக் மில் வேறு, எங்களிடம் இருப்பது வேறு என்று முதலாளிகள் வாதாடினார்கள்.

1802 வாக்கில் யார்க்ஷயர் கிராப்பர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, தென்மேற்கே வில்ட்ஷயர்ப் பக்கத்துத் தொழிலாளிகளோடும் தொடர்பு வைத்திருந்தார்கள். வில்ட்ஷயரில் அந்த ஆண்டே ஆலைகள் எரிந்தன. அதற்காகத் தாமஸ் ஹெலிக்கர் என்ற 19 வயதுப் பையனை 1803 மார்ச்சில் தூக்கிலிட்டார்கள். யார்க்ஷயர்க்காரர்கள் அந்த வழியில் போகவில்லை. வக்கீல் வைத்தார்கள், நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள், சாட்சி சொல்ல லண்டனுக்கு ஆள் அனுப்பினார்கள். இந்தச் சில ஆண்டுகளில் கம்பளித் தொழிலாளிகள் இதற்காகச் செலவழித்தது 10,000 பவுண்டுக்கு மேல். வாரக்கூலிக்காரர்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்த பணம் அது.

பலன் என்ன? 1803இல் பழைய சட்டங்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். அதையே வருஷா வருஷம் நீட்டித்தார்கள். 1806இல் நாடாளுமன்றக் குழு ஒன்று விரிவாக விசாரித்தது. தொழிலாளிகளின் குறையைவிட, இவர்கள் இவ்வளவு ஒழுங்காகச் சந்தா வசூலித்து அமைப்பு நடத்துகிறார்களே என்பதுதான் குழுவை அதிகம் கவலைப்பட வைத்தது. 1809இல் கம்பளித் தொழிலைக் காத்துவந்த சட்டங்களை மொத்தமாக நீக்கிவிட்டார்கள்.

வாழ்ந்த வாழ்க்கையில் இதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1805இல் 14 வயதில் பயிற்சிக்குச் சேர்ந்த ஒரு பையன் 1812இல்தான் ஏழு வருஷத்தை முடிப்பான். சேரும்போது சட்டம் ஏட்டிலாவது இருந்தது, முடிக்கும்போது அதுவும் இல்லை. ஜார்ஜ் மெல்லர் என்ற கிராப்பர் 1813 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 22. யார்க்ஷயரில் நடந்த தாக்குதல்களின் தலைவராக அரசுத் தரப்பு அவரைத்தான் காட்டியது.

1812

அந்த வருஷம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. நெப்போலியனோடு போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸின் வணிகத்தை முடக்க பிரிட்டன் போட்ட கப்பல் தடைகளால் அமெரிக்கா கோபித்துக்கொண்டு பிரிட்டிஷ் சரக்கை நிறுத்தியது. யார்க்ஷயர்த் துணிக்கு அமெரிக்கா பெரிய சந்தை. விளைச்சலும் பொய்த்தது, 1812இல் கோதுமையின் சராசரி விலை குவார்ட்டர் என்ற தானிய அளவு ஒன்றுக்கு 126 ஷில்லிங்கைத் தொட்டது. துணி விற்கவில்லை, ரொட்டி வாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் சில முதலாளிகள் கத்திரி எந்திரங்களை வாங்கி இறக்கினார்கள். எந்திரம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது, பஞ்சம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் எந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோதுமை விலையைச் சம்மட்டியால் அடிக்க முடியாது.

எந்திரங்களைச் செய்தவர்கள் மார்ஸ்டன் ஊரைச் சேர்ந்த கொல்லர்கள், ஈனாக் டெய்லரும் அவர் சகோதரர் ஜேம்ஸும். உடைக்கப் போனவர்கள் தங்கள் பெரிய சம்மட்டிக்கும் ஈனாக் என்றே பேர் வைத்தார்கள். ஈனாக் செய்ததை ஈனாக்கே உடைப்பான் என்பது அவர்கள் பேச்சு. பிப்ரவரி 1812இல் ஹடர்ஸ்ஃபீல்டு சுற்றுப்புறத்துப் பட்டறைகளில் உடைப்புத் தொடங்கியது. ராஃபோல்ட்ஸ் ஆலைக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்த எந்திரங்களை ஹார்ட்ஸ்ஹெட் மூர் பொட்டலில் மடக்கி நொறுக்கினார்கள். சின்னப் பட்டறைக்காரர்கள் பலர் பயந்து தாங்களே எந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.

ராஃபோல்ட்ஸின் உரிமையாளர் வில்லியம் கார்ட்ரைட் நிறுத்தவில்லை. ஆலையிலேயே படுத்துத் தூங்கினார். ஐந்து சிப்பாய்களையும் நாலு வேலையாட்களையும் உள்ளே வைத்துக்கொண்டார். மாடிப்படியில் உருட்டிவிட முள் பதித்த உருளைகள் தயாராக இருந்தன. ஏப்ரல் 11 இரவு நூறு பேருக்கு மேல் வந்தார்கள். சன்னல்கள் நொறுங்கின, கதவு திறக்கவில்லை. சுமார் இருபது நிமிஷம் சண்டை நடந்தது. வந்தவர்கள் பின்வாங்கியபோது சாமுவேல் ஹார்ட்லி, ஜான் பூத் என்ற இரண்டு இளைஞர்கள் குண்டடிபட்டுக் கிடந்தார்கள், இருவருமே இறந்தார்கள். உள்ளே இருந்த சிப்பாய் ஒருவர் சுட மறுத்துவிட்டார் என்பதும் பதிவில் இருக்கிறது. அதற்கு அவருக்குக் கசையடி கிடைத்தது.

அப்புறம்தான் கதை கறுத்துப்போனது. ஏப்ரல் 28 அன்று, லுடைட்டுகளைக் கடுமையாக எதிர்த்துப் பேசிவந்த ஆலை முதலாளி வில்லியம் ஹார்ஸ்ஃபாலைக் கிராஸ்லண்டு மூர் சாலையில் மறைந்திருந்து சுட்டார்கள். இரண்டு நாளில் அவர் இறந்தார். இது கொலை, வேறு பெயர் சொல்லி இதை மெழுக நான் தயாராக இல்லை. எந்திரத்தை உடைத்தபோது ஊரில் இருந்த ஆதரவு இதற்குப் பிறகு பெரிய அளவில் விலகிப்போனது. இருந்தும், மாதக்கணக்கில் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. வடக்கு, நடு மாவட்டங்களில் நிறுத்திய படை சுமார் 12,000 பேர். 1808இல் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோன படையைவிட இது பெரிது.

கடைசியில் ஹார்ஸ்ஃபாலைச் சுட்டபோது உடனிருந்த பெஞ்சமின் வாக்கரே அரசுச் சாட்சியானார். 1813 ஜனவரியில் யார்க் கோட்டையில் சிறப்பு நீதிமன்றம் கூடியது. 8ஆம் தேதி அந்தக் கொலைக்காக மெல்லர், தாமஸ் ஸ்மித், வில்லியம் தார்ப் மூவரையும் தூக்கிலிட்டார்கள். 16ஆம் தேதி இன்னும் 14 பேர். அவர்களில் 5 பேர் ராஃபோல்ட்ஸ் தாக்குதலுக்காக, 9 பேர் வீடு புகுந்து ஆயுதமும் பணமும் பறித்ததற்காக. அந்த ஒன்பதில் உயிர்ப்பலி எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு

எந்திரம் வந்தது. 1815இல் குளஸ்டர்ஷயரின் ஜான் லூயிஸ் சுழலும் கத்தி வைத்த வெட்டு எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கைக்கத்திரியைப் பின்பற்றிய பழைய கத்திரி எந்திரமே இதன் முன் பழசாகிப்போனது. ஆலைகளில் இந்தச் சுழல் கத்தியைப் பார்த்த எட்வின் படிங் என்ற மெக்கானிக் 1830இல் அதைப் புல்வெட்டும் கருவியாக்கினார். தோட்டங்களில் இன்று ஓடும் உருளை வகைப் புல்வெட்டிக்கு மூலம் அதுதான்.

ஒட்டுமொத்தத் தொழில் வளர்ந்தது என்பதில் சந்தேகம் வேண்டாம். லீட்ஸும் ஹடர்ஸ்ஃபீல்டும் பெருத்தன, துணி விலை இறங்கியது, மேற்கு யார்க்ஷயரில் கம்பளித் தொழிலை நம்பிப் பிழைத்தவர்கள் எண்ணிக்கை கூடியது. பொருளாதாரம் பேசுகிறவர்கள் இதைச் சொல்லி வழக்கை முடித்துவிடுகிறார்கள். அந்தப் புது வேலைகள் யாருக்குப் போயின என்று பார்க்க வேண்டாமா? பெரும்பகுதி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போனது, வாரக்கூலி கிராப்பருடையதற்குப் பக்கத்தில்கூட இல்லாத வேலைகள். நாற்பது வயதுக் கிராப்பரை ஆலையில் யாரும் கூப்பிடவில்லை. 1840களின் தொடக்கத்தில் லீட்ஸைப் பார்த்து எழுதியவர், பழைய கிராப்பர்கள் தண்ணீர் சுமப்பதையும், தெருக் கூட்டுவதையும், ஆரஞ்சுப்பழமும் இஞ்சி ரொட்டியும் நாடாவும் பூட்ஸ் பாலிஷும் விற்பதையும் பதிவு செய்திருக்கிறார். சராசரி வருமானம் ஏறியது என்ற வாக்கியத்துக்குள் இவர்களும் அடக்கம் என்பதுதான் சராசரியின் குறை.

ஊரின் அமைப்பும் மாறியது. முன்பு சின்னச் சின்னத் துணிக்காரர்கள் வீட்டில் நெய்து, வாரச்சந்தைக் கூடத்தில் விற்பார்கள். வியாபாரி வாங்கி, கிராப்பர் பட்டறையில் கொடுத்து முடிக்கச் சொல்வார். இப்போது வியாபாரியே ஆலை கட்டி, வாருவதையும் வெட்டுவதையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தார். பட்டறையில் கிராப்பர்களே பார்த்து வைத்திருந்த வேலை நேரம் ஆலை மணிக்குப் போனது. ஏழு வருஷப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய பழைய விதியை 1814இல் எல்லாத் தொழில்களுக்கும் எடுத்துவிட்டார்கள். சங்கத் தடை நீங்கியது 1824இல். ஆலைப் பிள்ளைகளின் வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டு 1830களில் எழுந்த பத்து மணி நேர இயக்கத்துக்கு இதே ஹடர்ஸ்ஃபீல்டு பெரிய களமானது. அதற்கான சட்டம் வர 1847 ஆயிற்று.

ஆறு பென்ஸ்

இந்த வழக்கில் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது ராஃபோல்ட்ஸ் சண்டை அல்ல. சம்மட்டிக்கு முந்திய ஆண்டுகளில் கம்பளித் தொழிலாளிகளில் ஒரு பகுதியினர் முன்வைத்த யோசனை இது: எந்திரத்தைப் படிப்படியாகக் கொண்டுவாருங்கள், வேலை போகிறவர்களுக்கு மாற்று வேலை பாருங்கள், இல்லையென்றால் எந்திரத்தில் முடித்த துணிக்குக் கஜத்துக்கு ஆறு பென்ஸ் வரி போட்டு, வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு நிதியாக வையுங்கள். ஆறு பென்ஸ் என்றால் அரை ஷில்லிங்.

எந்திரமே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் கேட்கிற கேள்வி இல்லை இது. எந்திரம் வரும், அதன் லாபத்தில் ஒரு சின்னப் பங்கு அதனால் விழுகிறவருக்குப் போகட்டும், விழுகிற வேகம் கொஞ்சம் குறையட்டும் என்கிறார்கள். இந்த யோசனையை நாடாளுமன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை. செலவு முழுவதையும் 3,378 பேர் தலையில் வைத்துவிட்டு, லாபத்தை வேறு இடத்தில் கணக்கெழுதினார்கள். வன்முறையை இது நியாயப்படுத்தாது. ஆனால் 1812க்கு மாற்றுவழி எதுவும் இருக்கவில்லை என்ற பேச்சை இது பொய்யாக்குகிறது. வழி மேசைமேல் இருந்தது.

பிரிட்டனில் ஆட்குறைப்புக்குச் சட்டப்படி இழப்பீடு என்று வந்தது 1965இல். இந்தியாவில் அதற்கு முன்பே, தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் செய்த திருத்தம், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு என்று வைத்தது. 1956இல் வந்த இன்னொரு திருத்தம், ஆட்குறைப்புக்கு வழிவைக்கக்கூடிய எந்திர மாற்றத்தைக் கொண்டுவரும் முன் தொழிலாளர்களுக்கு 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்றது. கிராப்பர்கள் கேட்டதற்கு இது வெகுதூரம் அல்ல. ஆனால் இழப்பீடு பெற ஓர் ஆண்டு ஒரே இடத்தில் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். வீட்டுத் தறியில் பீஸ் கூலிக்கு நெய்கிற ஒருவர் எதிர்வீட்டில் விசைத்தறி இறங்குவதைப் பார்க்கும்போது, அவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் இருக்கவில்லை.